கப்யோங், ஏப்ரல் 1951: பாட்ரிசியா 2-ஆம் பட்டாலியனும் 677-ஆம் குன்றும்

பனிமூட்டம் (இழையைத் தொடங்கியவர்)

கொரியப் போர் என்று பேச்சு வந்தாலே மெக்ஆர்தர், இஞ்சோன் தரையிறக்கம், யாலு ஆற்றைக் கடந்த சீனப்படை என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். இந்த முறை ஒரே ஒரு காலாட்படைப் பட்டாலியனை எடுத்துக்கொண்டு, ஆள் சேர்த்த நாளிலிருந்து பேசலாம். பிரின்சஸ் பாட்ரிசியாஸ் கனேடியன் லைட் இன்ஃபன்ட்ரி படைப்பிரிவின் 2-ஆம் பட்டாலியன். சுருக்கமாகப் பாட்ரிசியாக்கள் என்பார்கள்.

1951 ஏப்ரல் 24 இரவு தென்கொரியாவின் கப்யோங் பள்ளத்தாக்கில், 677 மீட்டர் உயரக் குன்று ஒன்றில் இவர்கள் சுமார் 700 பேர் இருந்தார்கள். வலப்பக்கம் இருந்த ஆஸ்திரேலியப் பட்டாலியன் அன்று மாலைதான் பின்வாங்கியிருந்தது. ராத்திரி முழுக்கச் சீனப்படை மோதியது. விடிந்தபோது குன்று இவர்கள் கையில்தான் இருந்தது. இறந்தவர்கள் 10 பேர், காயம்பட்டவர்கள் 23 பேர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண் 10-இல் நின்றதற்குக் காரணம் அன்றைய வீரம் மட்டும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் பட்டாலியன் தளபதி ஓர் அமெரிக்க ஜெனரலிடம் சொன்ன "முடியாது"தான் பெரிய காரணம்.

1950 ஆகஸ்ட் 7 அன்று கனடாப் பிரதமர் லூயி சாங் லோரன் கொரியாவுக்குத் தனிப்படை திரட்டப்போவதாக வானொலியில் அறிவித்தார். ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. அவசரத்தில் யார் யாரையோ சேர்த்தார்கள். செயற்கைக் கால் வைத்த ஒருவர் உள்ளே போயிருக்கிறார். ஒட்டாவாவில் குடிக்கும்போது பழக்கமான சிப்பாயோடு சும்மா ரயில் ஏறிய ஓர் ஆள், சில வாரம் கழித்துக் கால்கரியில் பாட்ரிசியாக்களோடு அணிவகுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாராம். கனடாவின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது, நான் ஒட்டியது இல்லை.

இந்தக் கூட்டத்தைப் பட்டாலியனாக்கும் வேலை லெப்டினன்ட் கர்னல் ஜிம் ஸ்டோனிடம் வந்தது. 1939-இல் லாயல் எட்மண்டன் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, இத்தாலியில் ஓர்ட்டோனா தெருச்சண்டையைப் பார்த்து, போர் முடிவதற்குள் அதே படைப்பிரிவின் தளபதியானவர். வீட்டுக்கு வீடு சுவரை உடைத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்ட ஊர் ஓர்ட்டோனா.

நவம்பர் 25 அன்று சியாட்டிலில் கப்பல் ஏறியபோது போர் முடிந்துவிட்டது, காவல் வேலைதான் என்று நினைத்தார்கள். டிசம்பர் 18 அன்று பூசானில் இறங்கும்போது சீனா உள்ளே வந்திருந்தது, ஐ.நா. படை தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க எட்டாம் படைத் தளபதி ஜெனரல் வாக்கர் இவர்களை உடனே முன்னணிக்கு வரச் சொன்னார். ஸ்டோன் சியோலுக்குப் பறந்து போய் வாக்கரை நேரில் பார்த்தார். பயிற்சி முடியாமல் பட்டாலியனைச் சண்டையில் இறக்கக்கூடாது என்ற ஒட்டாவாவின் எழுத்துபூர்வ உத்தரவை எடுத்து வைத்தார். வாக்கர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. சில நாளிலேயே, டிசம்பர் 23 அன்று, ஜீப் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அதன்பிறகு மிரியாங் என்ற ஊரில் மலையேற்றமும் பயிற்சியும். தேறாதவர்களை ஸ்டோன் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி நடுவில்தான் 27-ஆம் காமன்வெல்த் பிரிகேடோடு (பல பட்டாலியன்கள் சேர்ந்த படை) முன்னணிக்குப் போனார்கள்.

போகிற வழியில், தூங்கும் பையிலேயே கொல்லப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் உடல்களைப் பட்டாலியன் முழுவதும் பார்த்தது. காவல் போடாமல் தூங்கியிருக்கிறார்கள். முன்னணியில் தூங்கும் பை கூடாது என்று ஸ்டோன் உத்தரவு போட்டார். கொரியப் பனியில், வெறும் போர்வையில்! என்ன திட்டு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

---

கல்லூரிக்காலம்

ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். சண்டைக்குப் போகிற படைக்கு இளவரசி பெயரா? ராணியின் மெய்க்காவல் படை மாதிரி ஏதாவதா?

---

பனிமூட்டம்

இல்லை தம்பி. 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் ஹாமில்டன் கால்ட் என்ற மான்ட்ரியல் செல்வந்தர் சொந்தப் பணம் ஒரு லட்சம் டாலர் போட்டுத் திரட்டிய படை. அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரல் கன்னாட் கோமகன், விக்டோரியா ராணியின் மகன். அவர் மகள் பாட்ரிசியாவின் பெயரை வைத்தார்கள். முதல் கொடியை அந்தப் பெண்ணே கையால் தைத்துக் கொடுத்தார். கால்ட் பணம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை, கூடவே போய்ச் சண்டையில் ஒரு காலை இழந்தார்.

---

வரைபடப்பிரியன்

நல்ல தொடக்கம். ஆனால் இந்த இழை வழக்கமான பாதையில் போகும் முன் இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, 'கப்யோங்தான் சியோலைக் காப்பாற்றியது' என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சியோலைக் குறிவைத்த முக்கியத் தாக்குதல் மேற்கே, இம்ஜின் ஆற்றின் பக்கம். அங்கேதான் பிரிட்டனின் குளோஸ்டர் பட்டாலியன் ஏப்ரல் 22 முதல் 25 வரை நின்று ஏறக்குறைய இல்லாமலே போனது. கப்யோங் பள்ளத்தாக்கு கிழக்கே இருக்கிறது. தென்கொரிய 6-ஆம் டிவிஷன் (பிரிகேடைவிடப் பெரிய படை) சிதறி ஓடியதில் முன்னணியில் விழுந்த ஓட்டையை அடைத்த இடம் அது. ஓட்டை பெரிதாகியிருந்தால் சியோலுக்கும் சுஞ்சோனுக்கும் நடுவே உள்ள சாலை போயிருக்கும். முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைநகரத்தை 700 பேர் காப்பாற்றினார்கள் என்பது மேடைப் பேச்சு.

இரண்டு, '700 பேருக்கு எதிராக 5,000 பேர்', சில இடத்தில் '10,000 பேர்'. மோதியது சீனாவின் 118-ஆம் டிவிஷன். டிவிஷன் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு குன்றில் ஏற முடியாது. முதலில் ஆஸ்திரேலியர்களோடு ஓர் இரவு ஒரு பகல் மோதிக் களைத்த படை அது. தோளில் சுமந்து வந்த அரிசியும் குண்டும் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். சீனாவின் ஒவ்வொரு தாக்குதலும் ஏழெட்டு நாளில் மூச்சு வாங்கி நின்றதற்கு அதுதான் காரணம்.

ஸ்டோனே பின்னாளில் இதை ஒத்துக்கொண்டிருக்கிறார். கப்யோங் ஒரு மாபெரும் போர் இல்லை, நன்றாகத் திட்டமிட்டு நன்றாக நடத்திய சண்டை என்றார். சீனர்கள் அந்த முறை போட்ட திட்டத்தின் எல்லையே அங்கேதான் இருந்திருக்கும், அது இன்னும் ஐந்து மைல் தெற்கே இருந்திருந்தால் தாங்கள் துடைத்தெறியப்பட்டிருப்போம் என்றும் சொன்னார்.

---

ஹவில்தார்_ஓய்வு

வரைபடப்பிரியன் சொன்னதில் பாதிக்கு என் ஓட்டு. மீதியை ஒரு பழைய பீரங்கிக்காரனாகச் சொல்கிறேன்.

ராத்திரி, மலை, புதர். ஒரு டிவிஷனில் 200 பேர் உங்கள் பிளாட்டூன் (கம்பெனியின் ஒரு சிறு குழு) மேல் வந்தால் போதும், உங்களுக்கு அதுவே 5,000. பட்டாலியன் கணக்கு பகலில் தலைமையகத்தில் போடுவது. பதுங்குகுழியில் இருப்பவனுக்கு முன்னால் தெரியும் முப்பது கஜம்தான் உலகம்.

இனி அன்று இரவு. முதல் அடி பட்டாலியனின் ஒரு பிரிவான 'பி' கம்பெனி மேல், மணி பத்து சுமாருக்கு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பெனி முதலில் குன்றின் வடக்குப் பக்கம் இருந்தது. வலப்பக்கம் ஆபத்து என்று தெரிந்ததும் 24-ஆம் தேதி காலையிலேயே ஸ்டோன் அவர்களை அங்கிருந்து எடுத்து, தலைமையகத்துக்குக் கிழக்கே இருந்த மேட்டுக்கு மாற்றிவிட்டார். ராத்திரி அடி சரியாக அங்கேதான் விழுந்தது. வேய்ன் மிட்செல் என்ற பிரென் துப்பாக்கிச் சிப்பாய் இரண்டு முறை காயம்பட்டும் துப்பாக்கியை விடவில்லை. டி.சி.எம். என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வாங்கினார்.

இன்னொரு கூட்டம் பின்பக்கமாகவே ஏறி வந்தது. பட்டாலியன் தலைமையகத்தின் மேல்! அங்கே மோர்ட்டார் பிளாட்டூனின் ஹாஃப்-டிராக் வண்டிகள் (முன்னால் சக்கரம், பின்னால் டாங்கி மாதிரி சங்கிலிப் பட்டை) நின்றன. ஒவ்வொன்றிலும் மெஷின் கன். நன்றாக நெருங்க விட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் சுட்டன. அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது.

ஒரு மணிக்கு மேல் 'டி' கம்பெனி. இதுதான் மோசம். சீனர்கள் உள்ளேயே புகுந்துவிட்டார்கள். விக்கர்ஸ் மெஷின் கன் ஒன்று கைமாறியது. கென் பார்வைஸ் என்ற சிப்பாய் பின்னர் போய் அதை மீட்டுக்கொண்டு வந்தார், அவருக்கும் டி.சி.எம். அந்த நெருக்கடியில் கம்பெனித் தளபதி கேப்டன் மில்ஸ் பீரங்கியை எங்கள் மேலேயே போடுங்கள் என்று கேட்டார்.

சினிமாவில் இதைத் தற்கொலை மாதிரி காட்டுவார்கள். கணக்குப் பாருங்கள். நம் ஆள் ஆழமான பதுங்குகுழிக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரி திறந்தவெளியில் நிற்கிறான். குண்டு வெடித்துச் சில்லு பக்கவாட்டில் பறக்கும்போது யாருக்குப் படும்? ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. குழியை ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும். பாறை மலையில் அது லேசான வேலை இல்லை. அடுத்து, பீரங்கிக்காரன் சொன்ன இடத்தில் போட வேண்டும். நியூசிலாந்தின் 16-ஆம் ஃபீல்டு ரெஜிமென்ட் நாற்பது நிமிடத்துக்குள் 2,300 குண்டு போட்டது. 24 பீரங்கி இருக்கும் ரெஜிமென்ட்டில் பீரங்கி ஒன்றுக்கு நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று குண்டு, நிற்காமல். 25-பவுண்டர் குண்டைத் தூக்கிப் போட்ட கை வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவு அந்தக் குன்றைக் காப்பாற்றியதில் நியூசிலாந்துக்காரர்களுக்குச் சரிபாதி பங்கு. ஏப்ரல் 25 அவர்களுக்குப் போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் வேறு.

---

நூலகப்பூனை

ஹவில்தார் ஐயா, அந்த 'எங்கள் மேலேயே போடுங்கள்' விஷயத்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

மில்ஸுக்கு எம்.சி. என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. ஆனால் அந்த நேரத்தில் முன்னால் இருந்தது 10-ஆம் பிளாட்டூன், அதன் தளபதி லெப்டினன்ட் மைக் லெவி. எங்கே போட வேண்டும், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தவர் லெவி. மில்ஸ் அதை மேலே அனுப்பினார். குண்டு விழுந்தது லெவியின் பிளாட்டூன் தலைமேல். லெவிக்குப் பதக்கம் எதுவும் இல்லை.

அவர் கதையே தனி. ஷாங்காயில் வளர்ந்தவர். ஜப்பானியர் அங்கே அடைத்துவைத்த முகாமிலிருந்து தப்பி, சீனாவின் குறுக்கே நடந்து வெளியேறி, 136-ஆம் படை என்ற பிரிட்டிஷ் ரகசியப் பிரிவில் சேர்ந்து மலாயாக் காட்டில் வேலை பார்த்தவர். சீன மொழி தெரியும். கப்யோங்கில் எதிரே கத்திக்கொண்டிருந்த அதிகாரிகளின் உத்தரவு அவருக்குப் புரிந்தது, பதிலுக்கு அவரும் கத்தியிருக்கிறார்.

கூட இருந்த பழைய வீரர்கள் விடாமல் எழுதி எழுதி, ஐம்பது ஆண்டு கழித்துக் கவர்னர் ஜெனரல் அட்ரியன் கிளார்க்சன் அவருக்குக் குலச்சின்னம் ஒன்றை வழங்கினார். அது பதக்கம் ஆகுமா? என் கருத்தில் ஆகாது. பதக்கத்துக்குப் பரிந்துரைப்பது பட்டாலியன் தளபதியின் வேலை. பனிமூட்டம் இந்த இழையின் நாயகனாக நிறுத்தியிருக்கும் ஸ்டோன் பெயரில் இந்தக் கறையும் இருக்கிறது.

---

பனிமூட்டம்

பூனையாரே, இதில் மறுக்க எதுவும் இல்லை. லெவியை விட்டது ஸ்டோன்தான். நான் அவரைத் தூக்குவது அவர் நல்ல மனிதர் என்பதற்காக இல்லை, சண்டைக்கு முன்பே அவர் செய்து வைத்த வேலைக்காக.

ஏப்ரல் 23 அன்று 677-ஆம் குன்றைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் ஸ்டோன் தன் கம்பெனித் தளபதிகளைக் கூட்டிக்கொண்டு குன்றின் முன்பக்கம் போனார். அதாவது எதிரி வரப்போகும் பக்கம். அங்கே நின்று, நானே சீனத் தளபதியாக இருந்தால் எந்த வழியாக ஏறுவேன் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போய்க் கம்பெனிகளை நிறுத்தினார். பலர் உச்சியில் நின்று கீழே கையைக் காட்டி இடம் பிரிப்பார்கள்.

---

வரைபடப்பிரியன்

அப்படியே ஆஸ்திரேலியர்களையும் கணக்கில் எடுங்கள். அவர்களின் 3-ஆம் பட்டாலியனில் 32 பேர் இறந்தார்கள். கனடா 10. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஸ்டோன் கெட்டிக்காரர் என்று முடிவுக்கு வருவது நியாயமே இல்லை.

504-ஆம் குன்றில் அவர்கள் நின்றது பள்ளத்தாக்கை ஒட்டி. தளபதி ஃபெர்குசனின் தலைமையகம் பின்னால், கீழே, சாலையோரம். 23-ஆம் தேதி இரவு ஓடிவந்த தென்கொரியச் சிப்பாய்கள், அகதிகள், அவர்களுக்குள் கலந்து சீனர்கள், எல்லாம் ஒன்றாக வந்தார்கள். யாரைச் சுடுவது? அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் இல்லாவிட்டால் தலைமையகமே போயிருக்கும். ஸ்டோனுக்குக் கிடைத்தது குழி வெட்ட ஒரு முழு நாள், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்ற தகவல், களைத்த எதிரி. மூன்றையும் அவருக்கு வாங்கிக்கொடுத்தது ஆஸ்திரேலிய ரத்தம்.

---

பனிமூட்டம்

ஒரு நாளை வாங்கிக்கொடுத்தது அவர்கள்தான், முழுக்கச் சரி. அந்த நாளை என்ன செய்தார்கள் என்பதுதான் என் பேச்சு. மிரியாங்கில் ஏழெட்டு வாரம் மலையில் ஏறி இறங்காத பட்டாலியன் என்றால் அந்த ஒரு நாளில் பாதி மேலே ஏறவே போயிருக்கும். வாக்கர் சொன்னபடி டிசம்பரிலேயே இறங்கியிருந்தால் ஏப்ரலில் இந்தப் பட்டாலியனில் எத்தனை பழைய முகம் மிஞ்சியிருக்கும்?

'ஒட்டாவா கடிதம் கொடுத்தது, ஸ்டோன் காட்டினார், இதில் என்ன வீரம்' என்று கேட்பீர்கள். கடிதம் எல்லோர் பையிலும் இருக்கும். போர் தோற்றுக்கொண்டிருக்கும்போது மூன்று நட்சத்திர ஜெனரல் முன்னால் அதை எடுத்து வைக்க எத்தனை பேருக்கு வாய் வரும்?

---

ஸ்டெத்

இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஓர் ஆள். அதுவும் நம் ஊர்க்காரர்.

27-ஆம் பிரிகேடின் மருத்துவப் பிரிவு எது தெரியுமா? இந்தியாவின் 60-ஆம் பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். நேரு சண்டைப்படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பினார். தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கப்யோங் சண்டையின்போதும் இந்தப் பிரிவு பிரிகேடோடுதான் இருந்தது.

இவர்களின் பெரிய கதை அதற்கு முந்தைய டிசம்பரில். பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் ஓடும்போது மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்தால் பிறகு வெறுங்கையோடு என்ன வைத்தியம் பார்ப்பது? கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஆட்கள் அவர்களிலேயே இருந்தார்கள். எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு தாங்களே ரயிலை ஓட்டித் தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் ஒரு சிறு குழுவும் குதித்தார்கள். பின்னர் அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. நம்மூரில் எத்தனை மருத்துவ மாணவர்களுக்கு இவர் பெயர் தெரியும் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

---

ஹவில்தார்_ஓய்வு

டாக்டர், ரங்கராஜ் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சல்யூட்.

---

கல்லூரிக்காலம்

விடிந்த பிறகு என்ன ஆனது? சுற்றிவளைத்திருந்தால் சாப்பாடு, தண்ணீர்?

---

நூலகப்பூனை

பின்னால் இருந்த சாலை அடைபட்டிருந்தது. குண்டு தீர்ந்துகொண்டிருந்தது. ஸ்டோன் ரேடியோவில் வான்வழியாக அனுப்பச் சொன்னார். 25-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு ஜப்பானிலிருந்து நான்கு சி-119 விமானங்கள் வந்து சாப்பாடு, தண்ணீர், குண்டு எல்லாவற்றையும் பாராசூட்டில் போட்டன. நான்கு பாராசூட் மட்டும்தான் குறி தவறி வெளியே விழுந்தது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் சாலை திறந்துவிட்டது.

அமெரிக்க ஜனாதிபதியின் படைப்பிரிவுப் பாராட்டு பாட்ரிசியாக்கள், ஆஸ்திரேலியர்கள், அவர்களோடு நின்ற அமெரிக்க டாங்கிக் கம்பெனி மூன்றுக்கும் வந்தது. கனேடியப் படையொன்று அதைப் பெற்றது அதுதான் முதல் முறை. அந்தப் பாராட்டின் அடையாளமான நீல ரிப்பனை அணிய ஒட்டாவா 1956-இல்தான் அனுமதித்தது! சண்டை ஒரு ராத்திரி, ஃபைல் ஐந்து வருஷம்.

---

பிரம்டன்_குகன்

வணக்கம் உறவுகளே. நான் இருக்கும் பிரம்டனில் மெடோவேல் கல்லறைத் தோட்டத்தில் கொரியப் போர் நினைவுச்சுவர் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த 516 கனேடியர்களின் பெயரும் அதில் உண்டு. ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூட்டமே இராது.

டாமி பிரின்ஸ் பற்றி யாரும் எழுதவில்லையே? மானிடோபாவின் ஒஜிப்வே பூர்வகுடிக்காரர். இரண்டாம் உலகப்போரில் 'பேய்ப்படை' என்று பெயர் வாங்கிய சிறப்புப் பிரிவில் இருந்து, பிரிட்டிஷ் எம்.எம். பதக்கமும் அமெரிக்க வெள்ளி நட்சத்திரமும் பெற்றவர். திரும்பி வந்து நொடித்துப்போய், கொரியா என்றதும் மறுபடி இந்த 2-ஆம் பட்டாலியனிலேயே சேர்ந்தார். முழங்கால் மோசம். அதோடும் இரண்டாம் முறை கொரியாவுக்குப் போய் 1952-இல் காயப்பட்டார். 1977-இல் வின்னிபெக்கில் வறுமையில் இறந்தார். பதக்கங்களும் கையைவிட்டுப் போயிருந்தன. வெகுகாலம் கழித்து உறவினர்கள் ஏலத்தில் மீட்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இன்னொரு விடயம். இந்தப் பட்டாலியன் 2004 வரை இருந்த வின்னிபெக் முகாமின் பெயர் கப்யோங் பராக்ஸ். படை ஷைலோவுக்குப் போன பிறகு அந்த நிலம் வெகுகாலம் வழக்கில் கிடந்தது. இப்போது அதில் பெரும்பகுதி முதலாம் உடன்படிக்கையைச் (பூர்வகுடிகள் அரசோடு செய்துகொண்ட பழைய ஒப்பந்தம்) சேர்ந்த பூர்வகுடிகளிடம் வந்து 'நாவி ஊடெனா' என்ற பெயரில் இருக்கிறது. பிரின்ஸின் ஊரான புரோக்கன்ஹெட்டும் அந்த உடன்படிக்கையைச் சேர்ந்ததுதான்.

---

வரைபடப்பிரியன்

குகன், அருமை. அந்த நில வழக்குக்குத் தனி இழையே போடலாம்.

பனிமூட்டம், மே மாதம் 25-ஆம் கனேடியப் பிரிகேடு வந்து சேர்ந்த பிறகு இந்தப் பட்டாலியன் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டீர்களே.

---

பனிமூட்டம்

அது நீளமானது, ஆனால் பரபரப்பு குறைவு. பிரிகேடியர் ராக்கிங்காமின் கீழ் மற்ற கனேடியர்களோடு சேர்ந்து ரோந்து, முன்னேற்றம், மறுபடி ரோந்து. இலையுதிர் காலத்தில் 1-ஆம் பட்டாலியன் வந்து இவர்களை மாற்றியது. அதற்குள் முன்னணி ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகான இரண்டு வருடம் பங்கர், முள்வேலி, எலி.

அந்தக் காலத்து 355-ஆம் குன்றுச் சண்டைக்குத் தனி இழை தொடங்குகிறேன். அந்தக் குன்றை ஒட்டி நின்றது கியூபெக்கின் பிரெஞ்சு பேசும் பட்டாலியன். ஹவில்தார் ஐயா, அங்கேயும் பீரங்கிதான் பேச்சு, நீங்கள் வந்தே ஆக வேண்டும்.